நன்னாரி வேரும் ஊதா நிறக் கரைசலும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசித்து, வீட்டில் சீனி வருத்தம், பிரஷர், புற்றுநோய் என்று யாராவது இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன தவணை ஒரு மாணவி வகுப்புக்கு ஒரு போத்தல் கொண்டு வந்தாள். உள்ளே மண் நிறத்தில் ஒரு தூள். லேபலில் "வேர்களின் சாறு, அன்டிஒக்ஸிடன்ட் நிறைந்தது" என்று பெரிய எழுத்து. எந்த வேர், எத்தனை கிராம், யார் பரிசோதித்தார்கள், ஒன்றும் இல்லை. பிள்ளை கேட்டது இதுதான்:

"சேர், இதக் குடிச்சா உம்மாட சீனி மாத்திரைய நிப்பாட்டலாமாம். வாங்கின இடத்துல சொன்னாங்க. நிப்பாட்டலாமா?"

உடனே "கூடாது" என்று சொன்னோம். ஆனால் ஏன் கூடாது என்று அந்த இடத்திலேயே முழுமையாகச் சொல்ல எங்களால் முடியவில்லை. வேர் மருந்தெல்லாம் பொய் என்றும் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் அது எங்கள் மூத்தம்மாவுக்கே செய்யும் துரோகம். ஒரு வேர் மருந்தாக எப்படி நிரூபிக்கப்படுகிறது, அந்தப் பெரிய எழுத்துச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

*

நாங்கள் சிறுபிள்ளைகளாய் இருந்தபோது தம்பிலுவில்லில் இருந்து ஒரு ஆச்சி அக்கரைப்பற்றுச் சந்தைக்கு வருவார். தலையில் ஒரு கடகம். அதில் நன்னாரி வேர்க் கட்டு, முசுட்டை இலை, சில நாள் தேன். விற்று முடிந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து மூத்தம்மாவோடு வெற்றிலை போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார். வேரை முறித்து எங்கள் மூக்கில் பிடித்து, "மணந்து பாரு மனே, மணமில்லாட்டி அது நன்னாரி இல்ல" என்பார். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல இரு சமூகமும் இருந்த காலம் என்று பெரியவர்கள் சொல்வதை நாங்கள் முதலில் கண்டது அந்தத் திண்ணையில்தான்.

அந்த ஆச்சி செய்தது ஒரு பரிசோதனை. மணம் இருந்தால் நன்னாரி, இல்லாவிட்டால் வேறு ஏதோ. பிற்காலத்தில் இரசாயனவியலாளர்கள் அந்த மணத்துக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 2-ஐதரொட்சி-4-மெதொட்சி பென்சல்டிகைட்டு என்பது அதன் பெயர். 8 காபன், 8 ஐதரசன், 3 ஒட்சிசன். ஐஸ்கிரீமுக்குப் போடும் வனிலாவின் மூலக்கூறிலும் இதே எண்ணிக்கைதான். அணுக்கள் இருக்கும் இடம் மட்டும் வேறு. உயர்தரத்தில் சமபகுதியம் என்று படிப்பிக்கிறோமே, அதற்கு நம் காட்டோரத்திலேயே உதாரணம் இருக்கிறது.

ஆனால் ஆச்சியின் பரிசோதனையில் ஒரு ஓட்டை உண்டு. தென்னிந்தியாவில் மாகாளிக்கிழங்கு என்று ஊறுகாய் போடுகிறார்களே, அதன் மணமும் இதே பொருளால் வருவதுதான். நன்னாரிக்குப் பதிலாக அதைச் சந்தையில் விற்றவர்களும் உண்டு. மூக்கு மட்டும் போதாது என்பது இதில் தெரிகிறது. மூக்குக்கு அப்பால் போனதுதான் வேர் ஆராய்ச்சியின் வரலாறு.

*

வேர்கள் கடல் கடந்து போனது இன்று நேற்று அல்ல. நமது மருந்துக் கடைகளில் பறங்கிப்பட்டை என்று ஒரு சரக்கு இருக்கும். பெயரில் பட்டை, உண்மையில் நிலத்தடித் தண்டு. சீனத்தில் இருந்து வந்த இந்தச் சரக்கு 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவையே ஆட்டியது. பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் கீல்வாதத்துக்கு இதைக் குடித்தார். உடற்கூற்றியலின் தந்தை எனப்படும் வெசேலியஸ் 1546 இல் இந்த வேரைப் பற்றிய கடிதம் என்ற பெயரில் ஒரு நூலே வெளியிட்டார். கோவாவில் இருந்த போர்த்துக்கேய வைத்தியர் கார்சியா த ஓர்ட்டா 1563 இல் அச்சிட்ட நூலிலும் இதற்கு ஓர் அத்தியாயம் உண்டு. நன்னாரியும் பின்தங்கவில்லை. 1864 இல் வெளிவந்த பிரித்தானிய மருந்து நூலில் அது அதிகாரபூர்வ மருந்தாக இடம்பிடித்தது.

ஆனால் இவையெல்லாம் பெயர், மணம், அனுபவம் என்ற அளவிலேயே நின்றன. வேருக்குள் இருப்பது என்ன என்ற கேள்விக்கு நமது பிராந்தியத்தில் துணிந்து இறங்கியவர்களில் ஒருவரை நமது பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும்.

அவர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி. 1897 இல் பிறந்தவர். அலிகரில் படித்து, ஜேர்மனியின் பிராங்க்பர்ட்டில் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கே இருக்கும்போது தன் ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தவரும் கூட. டெல்லியில் யூனானி, ஆயுர்வேதக் கல்லூரியை வளர்த்த ஹகீம் அஜ்மல் கான், பாரம்பரிய மருந்துகளை நவீன இரசாயனவியலால் ஆராய வேண்டும் என்று விரும்பினார். அந்தப் பணிக்கு அவர் கண்டெடுத்தவர்தான் சித்தீக்கி. ஹகீம் 1927 இன் இறுதியில் மறைந்தார். ஆனால் வேலை நிற்கவில்லை.

சித்தீக்கி கையில் எடுத்தது சர்ப்பகந்தி வேர். பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் காலகாலமாகக் கொடுக்கப்பட்டது. வேரைத் தூளாக்கி, மதுசாரத்தில் ஊறவைத்து, அமிலம் சேர்த்து, காரம் சேர்த்து, படியவைத்து, பளிங்காக்கி, ஒவ்வொரு படியிலும் நிறுத்து எழுதிப் பிரித்தார். 1931 இல் அந்த ஒரே வேரில் இருந்து ஐந்து அல்கலோயிட்டுகளை அறிவித்தார். அவற்றில் ஒன்றுக்கு மறைந்த ஹகீமின் நினைவாக அஜ்மலீன் என்று பெயர் வைத்தார். இதயத் துடிப்பு ஒழுங்கீனத்துக்கு அது பின்னர் மருந்தானது. அதே 1931 இல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இருவர் இந்த வேர் இரத்த அழுத்தத்தையும் மனநோயின் கொந்தளிப்பையும் குறைப்பதாக எழுதினார்கள். 1949 இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் வக்கீல் 50 நோயாளிகளில் கண்ட பலனைப் பிரித்தானிய இதய மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட, உலகமே திரும்பிப் பார்த்தது. 1952 இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் ரிசர்பைன் என்ற பொருள் அதே வேரில் இருந்து பிரிக்கப்பட்டது. நவீன மருத்துவம் பிரஷருக்குக் கொடுத்த ஆரம்பகால மாத்திரைகளில் ஒன்று அப்படித்தான் வந்தது.

கதை இதோடு முடிந்தால் நாம் பெருமை பேசிவிட்டு எழும்பிப் போகலாம். முடியவில்லை. ரிசர்பைன் அளவு கூடினால் மனச்சோர்வு, மூக்கடைப்பு, வயிற்றுப் புண் என்று கோளாறுகள் வந்தன. அளவு தெரிந்ததால்தான் கூடியது, குறைந்தது என்று பேசவே முடிந்தது. வேர்த்தூளில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு மண்ணில் முளைத்ததில் அதிகம், இன்னொரு மண்ணில் குறைவு. சித்தீக்கியின் தராசு நமக்குத் தந்த முதல் பாடம் இதுதான்.

*

இனி அந்த "அன்டிஒக்ஸிடன்ட்" சொல்லுக்கு வருவோம். நமது பாடநூல் தமிழில் ஒட்சியேற்ற எதிரி.

உடலில் ஒட்சிசன் பாவிக்கப்படும்போது, சோடி இழந்த இலத்திரனோடு சில துணுக்குகள் உண்டாகும். இவை சுயாதீன மூலிகங்கள். பக்கத்தில் இருப்பதிடம் இலத்திரனைப் பறிக்கும் குணம் இவற்றுக்கு. முதுமைக்கும் நோய்க்கும் இவையே காரணம் என்ற கருத்தை 1956 இல் அமெரிக்கரான டென்ஹாம் ஹார்மன் முன்வைத்தார். இரண்டு வருடம் கழித்து, 1958 இல், புளோயிஸ் என்பவர் நேச்சர் சஞ்சிகையில் ஓர் எளிய சோதனையை எழுதினார். இன்று உலகெங்கும் மூலிகை ஆய்வுகூடங்களில் அதிகம் செய்யப்படும் சோதனைகளில் அது ஒன்று.

டி.பி.பி.எச். என்ற ஒரு பொருள். அதுவே ஒரு சுயாதீன மூலிகம்; ஆனால் அடங்கி, நிலையாக இருக்கும். மெதனோலில் கரைத்தால் கடும் ஊதா நிறம். அதில் வேர்ச் சாற்றைச் சேர்த்து அரைமணி நேரம் இருட்டில் வைப்பார்கள். சாற்றில் ஐதரசனோ இலத்திரனோ கொடுக்கக்கூடிய பொருள் இருந்தால் ஊதா வெளிறி மஞ்சளாகும். 517 நனோமீற்றர் ஒளியில் எவ்வளவு வெளிறியது என்று கருவி அளந்து சொல்லும். நிறத்தைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு தேவை என்று கணித்து, விற்றமின் சியோடு ஒப்பிடுவார்கள். குறைந்த அளவு போதுமானால் அது வலிமையான சாறு. இதோடு சேர்த்து, சாற்றில் பீனோல் வகைப் பொருட்கள் எவ்வளவு என்று போலின், சியோகால்ட்டு என்ற இருவர் 1927 இல் தந்த நீலநிறச் சோதனையாலும் அளப்பார்கள்.

நன்னாரி இந்தச் சோதனையில் தேறியிருக்கிறது. 2002 இல் இந்தியாவின் அகமதாபாத் ஆய்வாளர்கள் வேர்ப்பட்டையின் மெதனோல் சாறு ஊதாவை நன்றாக வெளிறச் செய்வதாக அறிவித்தார்கள். 1994 இல் கல்கத்தா ஆய்வாளர்கள் நன்னாரி வேரில் இருந்து விரியன் நஞ்சின் சில விளைவுகளைத் தடுக்கும் ஒரு பொருளைப் பிரித்தார்கள். அதுவும் ஆய்வுகூடத்தில். வயலில் பாம்பு கடித்தால் ஓட வேண்டியது ஆசுபத்திரிக்குத்தான். நன்னாரி தேடிக் காட்டுக்கு அல்ல.

எங்கள் பாடசாலையில் டி.பி.பி.எச். வாங்க வசதி இல்லை. பிள்ளைகளுக்கு வேறு விதமாகச் செய்து காட்டினோம். மாப்பொருள் கரைசலில் ஒரு துளி அயடீன். கருநீலம். அதில் தேசிக்காய்ச் சாறு விட, நிறம் மறைந்தது. வகுப்பே கைதட்டியது. ஒரு பொடியன் ஆசிரியர் அறையில் இருந்து மிச்சத் தேயிலைச் சாயத்தைக் கொண்டு வந்து விட்டான். அதற்கும் நிறம் மறைந்தது.

"அப்ப பிளேன்டீயும் மருந்தா சேர்?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவின் நடுப்புள்ளி. நிறம் மறைவது குழாய்க்குள் நடப்பது. குழாய்க்குள் வயிறு இல்லை, ஈரல் இல்லை, இரத்தம் இல்லை. குடித்ததில் எவ்வளவு குடலைத் தாண்டி இரத்தத்துக்குப் போகிறது, போனது எந்த உருவில் இருக்கிறது என்று ஊதாக் கரைசலுக்குத் தெரியாது.

இதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஒரு பெரும் ஆய்வு நடந்தது. கரட்டில் உள்ள ஒட்சியேற்ற எதிரியான பீற்றாகரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்ப்பு. 1994 இல் முடிவு வந்தபோது, அதை எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,000 பேருக்கு மேல் பங்குபற்றிய இன்னோர் ஆய்விலும் இதே போக்கு. 1996 ஜனவரியில் அதை இடைநடுவே நிறுத்தினார்கள். உணவுகளின் ஒட்சியேற்ற எதிர்ப்பு எண்களைப் பட்டியலிட்டு வைத்திருந்த அமெரிக்க விவசாயத் திணைக்களம், வியாபாரிகள் அதைத் தவறாகப் பாவிக்கிறார்கள் என்றும் அந்த எண்கள் மனித உடலில் நடப்பதைக் காட்டவில்லை என்றும் சொல்லி 2012 இல் பட்டியலையே எடுத்துவிட்டது.

எனவே லேபலில் அந்தச் சொல் இருந்தால், ஆகக் கூடியது ஒரு குழாயில் நிறம் மாறியது என்பதே பொருள். நோய் மாறியது என்பதல்ல.

*

நமது நாட்டில் இதை ஒழுங்காகச் செய்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள்.

1929 இல் பொரளையில் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கியபோதே ஆயுர்வேதத்தோடு சித்தமும் யூனானியும் அங்கே படிப்பிக்கப்பட்டன. 1961 இன் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இந்த வைத்திய முறைகளுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. அடுத்த வருடமே நாவின்னையில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் வந்தது.

நமக்கு மிக நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. இலங்கையின் ஒரு பரம்பரை வைத்தியக் குடும்பம் புற்றுநோயாளருக்கு ஒரு குடிநீர் கொடுத்து வந்தது. அதில் மூன்றே சரக்கு: கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிப்பட்டை. கருஞ்சீரகம் பற்றிய நபிமொழி நம் வீட்டுச் சிறுபிள்ளைக்கும் தெரியும். பேராசிரியர் ஐரா தப்ரூவும் அவரோடு உழைத்த நமது நாட்டு ஆய்வாளர்களும் இந்தக் குடிநீரை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார்கள். எலிகளுக்கு ஈரல் புற்றுநோயைத் தூண்டும் இரசாயனத்தைக் கொடுத்து, ஒரு பகுதிக்கு மட்டும் குடிநீரைக் கொடுத்தார்கள். குடிநீர் குடித்த எலிகளின் ஈரலில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் குறைவாக இருந்தன என்று 2003 இல் எழுதினார்கள். 2006 இல் 16 மாதம் நீண்ட எலி ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வுகூடத்தில் வளர்த்த மனித ஈரல் புற்றுச் செல்களிலும் பார்த்தார்கள். அவர்களின் கட்டுரைகளின் தலைப்பிலேயே "தரப்படுத்திய" குடிநீர் என்ற சொல் வரும். எத்தனை கிராம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று வரையறுத்தது என்று பொருள். போத்தல் வியாபாரிக்கும் ஆய்வாளருக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

எலியில் கண்டது எலியில் கண்டதே. இதைச் சொன்னவுடன் "மேல்நாட்டான் பேச்சு" என்று சிலர் கோபிப்பார்கள். 980 இல் பிறந்த இப்னு சீனா, தன் கானூன் நூலின் இரண்டாம் பகுதியில் மருந்தைச் சோதிக்க விதிகள் வகுத்தார். கலப்பில்லாத மருந்தாக இருக்க வேண்டும். பல நோய் கலந்தவரில் அல்ல, ஒரு நோயுள்ளவரில் பார்க்க வேண்டும். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப அதே பலன் வர வேண்டும். கடைசியாக, மனிதரில் சோதிக்க வேண்டும், சிங்கத்திலும் குதிரையிலும் கண்டது மனிதருக்குப் பொருந்தாமல் போகலாம் என்றார். ஆயிரம் வருடத்துக்கு முந்திய நம்மவரின் பேச்சு இது.

அந்த மனிதச் சோதனை வரை போன வேரும் நம் நாட்டில் உண்டு. சிங்களச் சகோதரர்கள் கொத்தல ஹிம்புட்டு என்று சொல்லும் பொன்கொரண்டி. அதன் கட்டையில் குவளை கடைந்து, இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது சீனி வருத்தத்துக்குப் பழைய வைத்தியம். 1997 இல் யப்பானிய ஆய்வாளர்கள் இதில் இருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தார்கள். சோற்றின் மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியத்தை அது குடலிலேயே தடுக்கிறது. கவனியுங்கள், இங்கே வேலை செய்தது ஒட்சியேற்ற எதிர்ப்பு அல்ல. ஊதாக் கரைசல் இதைக் கண்டுபிடித்தே இருக்காது. 2005 இல் இலங்கை வைத்தியர்கள் 51 நோயாளருக்கு இந்த மூலிகை சேர்ந்த தேநீரையும், இல்லாத தேநீரையும் மும்மூன்று மாதம் மாற்றிக் கொடுத்து, எது எவருக்கு என்று இரு பக்கமும் தெரியாமல் சோதித்தார்கள். மூலிகைத் தேநீர் குடித்த காலத்தில் சீனிக் கட்டுப்பாடு சிறிது நன்றாக இருந்தது. வைத்தியரின் கண்காணிப்பில், இரத்தம் சோதித்தபடி. யாரும் தன் இஷ்டத்துக்கு மாத்திரையை நிறுத்தவில்லை.

*

கடைசியாக ஒரு கசப்பான வரலாறு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசல்சில் உடல் மெலிய ஒரு மூலிகைக் கலவை கொடுத்தார்கள். அதில் சேர வேண்டியது ஒரு சீன வேர். பெயர் ஒற்றுமையால் அதற்குப் பதில் இன்னொரு வேர் கலந்துவிட்டது. குடித்த நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. சிறுநீரகம் அகற்றப்பட்ட 39 பேரைச் சோதித்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்ததாக 2000 இல் அறிவித்தார்கள். காரணம் அரிஸ்டொலோகிக் அமிலம். நம் நாட்டில் ஈஸ்வரமூலி என்று சொல்லும் கொடியும் அதே இனம்தான். பரிசாரியார்மாருக்கு வேரை அடையாளம் தெரியும். போத்தலில் தூளாய் வந்தால் அவர்களுக்கும் தெரியாது. ஆச்சியின் மூக்குக்கும் தெரியாது.

அந்த மாணவிக்கு அடுத்த நாள் நாங்கள் சொன்னது: "மகள், உம்மாட மாத்திரைய நிப்பாட்டாதீங்க. இந்தப் போத்தல கிளினிக்குக்குக் கொண்டுபோய் டொக்டருக்குக் காட்டுங்க. மாத்திரையோட இதையும் குடிச்சா சீனி திடீரெண்டு இறங்கவும் ஏலும்." உம்மா ஏற்கனவே ஒரு கிழமை மாத்திரையை நிறுத்தியிருந்தார். கிளினிக்கில் சீனி நன்றாகக் கூடியிருந்தது தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், மீண்டும் மாத்திரை தொடங்கி இப்போது சுகமாக இருக்கிறார்.

நம் ஊர்களில் வயதான பரிசாரியார்மார் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்கிறார்கள். அவர்களின் ஏட்டுப் பெட்டியும் கூடவே போகிறது. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் உங்கள் பிள்ளைகளை ஒரு விடுமுறையில் தம்பிலுவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர் என்று எந்த ஊரானாலும் ஒரு பரிசாரியாரிடம் அனுப்புங்கள். செடியின் பெயர், முளைக்கும் இடம், எந்த வேர், எத்தனை கழஞ்சு, எவ்வளவு நேரம் காய்ச்சுவது என்று எழுதிக் கொண்டுவரட்டும். சித்தீக்கிக்கு ஹகீம் அஜ்மல் கானின் கேள்வி கிடைத்தது போல, நாளைக்கு ஆய்வுகூடத்தில் நிற்கப்போகும் ஒரு பிள்ளைக்கு அந்தக் கொப்பி கிடைக்கட்டும்.

தம்பிலுவில் ஆச்சி இப்போது இல்லை. மூத்தம்மாவும் இல்லை. நன்னாரி இன்னும் அந்த மணலில் முளைக்கிறது. நோய்க்கு மருந்தைப் படைத்த இறைவன், அதைத் தேடும் அறிவையும் பொறுமையையும் நம் பிள்ளைகளுக்குத் தருவானாக.